புது வண்டியும் மொத ஆயிலும்

நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில நாலு லாரிக்காரங்க உக்காந்திருக்கறப்ப இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க. "ஏனுங்க, புது லாரி எடுத்தா மொத ஆயில் எத்தனை கிலோமீட்டர்ல மாத்தறதுங்க?"

டீ ஆறிப்போற வரைக்கும் பேசுவாங்க. வயசானவர் ஆயிரம்பார். அடுத்தவர், பாடி கட்டி முடிச்சுப் பட்டறையை விட்டு வெளிய எடுக்கறப்பவே மாத்திடோணும்பார். மூணாமவர் அஞ்சாயிரம்பார். கடைசியா ஒரு சின்னப் பையன், "மொத ஆயில்னு தனியா ஒண்ணுமே கெடையாதுங்க, தேதி வந்தா வண்டியே சொல்லும்"பான்.

நாலு பேர் சொல்றதும் சரிதானுங்க. நாலும் நாலு காலத்துப் பதில், அவ்வளவுதான். ஒருத்தர் மனசுல எந்த எண் பதிஞ்சிருக்குதுன்னு பார்த்தா அவர் எந்தக் காலத்துல வண்டி எடுத்தவர்னு சொல்லிடலாம். அந்த எண்கள் எங்கிருந்து வந்துச்சு, ஏன் மாறுச்சுன்னு தேடிட்டுப் போனா, கொங்கு நாட்டு லாரித் தொழிலோட வரலாறே பாதி வந்துடுது. அந்த வழியிலதான் இன்னைக்குப் போகப் போறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

பழக்கறது

ஆங்கிலத்துல ரன்னிங் இன்னு சொல்றதுக்கு நம்ம பக்கம் இருக்கற வார்த்தை "பழக்கறது". வண்டியைப் பழக்கோணும். இது லாரிக்காகப் புதுசா உண்டாக்குன சொல் இல்லீங்க. காங்கேயம் காளைக்கன்னை வாங்கி வந்து வண்டியில பூட்டறதுக்கு முன்னால பழக்குவாங்களே, அதே சொல்தான். பழகின மாட்டோட ஜோடி சேர்த்து நுகத்தடியில கட்டி, முதல்ல வெறும் வண்டி, அப்புறம் கொஞ்சம் பாரம், பதனமா ஏத்திட்டுப் போவாங்க. கன்னப்புரம் தேர்ல காசு கொடுத்து வாங்கின கன்னை மொத நாளே முழுப் பாரத்துல பூட்டறவனை ஊரே திட்டும்.

லாரித் தொழிலுக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த மாடு பழக்கின குடும்பத்துக்காரங்கதான். அதனால புது இன்ஜினை உடனே வேலை வாங்கக்கூடாதுங்கற எண்ணத்தை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கல.

எண்ணெய் சங்கதியும் பழசுதான். கட்டை வண்டி அச்சுக்கு வைக்கோல் எரிச்ச கரியை விளக்கெண்ணெய்ல கொழைச்சு மை போடுவாங்க. இங்க ஒரு வேடிக்கை பாருங்க. 1899ல சார்லஸ் வேக்ஃபீல்டுங்கறவர் லண்டன்ல ஆரம்பிச்ச எண்ணெய்க் கம்பெனி, 1909ல ஒரு புது மோட்டார் ஆயிலுக்குக் காஸ்ட்ரால்னு பேர் வெச்சுது. அதுல கலந்திருந்த ஆமணக்கெண்ணெயோட ஆங்கிலப் பேர்ல இருந்து எடுத்த பேர்தான் அது. நம்மூரு வண்டி மையும் அந்தச் சீமை ஆயிலும் ஒரு வகையில ஒறம்பரைங்கதான் :-)

பஸ்சுல கத்துக்கிட்ட பாடம்

கொங்கு நாட்டுல இன்ஜின் பாடம் லாரிக்கு முன்னாடியே பஸ்சுல ஆரம்பிச்சிருச்சு. 1920ல ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரு பஸ் விட்டார். ஓட்டினவரும் அவரேதான். அதுதான் பின்னால யு.எம்.எஸ். ஆச்சு. 1931ல பொள்ளாச்சியில பி.நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். இன்னைக்கும் ஏ.பி.டி.ன்னா எல்லோருக்கும் தெரியும். 1937ல கோயமுத்தூர்ல எல்.ஜி.பாலகிருஷ்ணன் கம்பெனி தொடங்கினதும் போக்குவரத்துத் தொழிலாத்தான். செயின் செய்யறதெல்லாம் அதுக்கப்புறம் வந்தது.

அப்ப வந்ததெல்லாம் வெளிநாட்டு வண்டி. உதிரி சாமான் கப்பல்ல வரோணும். ஒரு பேரிங் போச்சுன்னா வண்டி நின்னது நின்னதுதான். அதனால முதலாளிக்கு இன்ஜினைக் காப்பாத்தறதுங்கறது கவுரவப் பிரச்சினை இல்லை, பொழப்புப் பிரச்சினை. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் ரேஷன் வந்தப்ப கரி கேஸ்ல பஸ் ஓட்டினாங்க. சரியா வடிகட்டாத கரித்தூள் இன்ஜினுக்குள்ள போனா போரையும் ஆயிலையும் என்ன பாடு படுத்தும்னு அந்தத் தலைமுறை கண்ணால பார்த்துடுச்சு.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிக் கையேடுகள்ல அடிக்கடி வர்ற எண் 500 மைல். புது வண்டியை 500 மைல் மெதுவா ஓட்டு, ஆயிலை இறக்கு, புதுசு ஊத்துங்கற மாதிரி. இங்கிலாந்துல புது கார் பின்னாடி "ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்"னு அட்டை மாட்டி, "நான் மெதுவாத்தான் போவேன், நீ முந்திக்க"ன்னு சொல்லிட்டே போவாங்க. இந்தியாவுல 1956ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து மைல் போய் கிலோமீட்டர் வந்துச்சு. 500 மைல்ங்கறது 800 கிலோமீட்டர். முழு எண்ணாச் சொன்னா ஆயிரம். டீக்கடைப் பெரியவரோட ஆயிரத்துக்கு வேர் இந்தப் பக்கம்தான் இருக்குதுன்னு நான் நெனைக்கறேன்.

ஏன் மாத்தணும்?

இன்ஜினுக்குள்ள என்னதான் நடக்குது? சுருக்கமாப் பார்த்துடலாம்.

சிலிண்டர் போருக்குள்ள ஹோனிங் கல்லை விட்டு, குறுக்கும் நெடுக்குமா மெல்லிய கோடு போட்டிருப்பாங்க. ஆயில் தங்கறதுக்காகப் போட்ட கோடு அது. கோட்டோட மேடுகள் கூரா இருக்கும். பிஸ்டன் ரிங்கோட விளிம்பும் புதுசு. ரெண்டும் உரசி, அந்தக் கூர் மழுங்கி, ரிங் போரோட சரியா ஒட்டி உக்காரோணும். உக்காந்தாத்தான் எரியற வாயு கீழ போகாது, கீழ இருக்கற ஆயில் மேல வராது.

இப்படி உரசறப்ப உதிர்ற இரும்புத்தூள் எங்க போகும்? ஆயிலுக்குத்தான். அதோட வார்ப்புல ஒட்டியிருந்த மணல் துகள், கடைசல்ல மிச்சமான பிசிறு எல்லாம் சேர்ந்துக்கும். பழைய இன்ஜின் பலதுல ஃபில்டர் மொத்த ஆயிலையும் வடிகட்டாது. ஒரு பங்கு மட்டும் ஃபில்டர் வழியாப் போகும், மீதி நேரா பேரிங்குக்கே போயிடும். ஆக மொத ஆயிலை ரொம்ப நாள் விட்டா, இன்ஜின் தன்னோட தூளாலயே தன்னை அரைச்சுக்கும். ஆயிரத்துல மாத்துன்னு சொன்னதுக்கு முழுக் காரணமும் இதுதான்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்குது. பலபேர் மறந்துடறாங்க. வண்டியை ரொம்பப் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் கெடுதிதான். ரிங்கைப் போரோட அழுத்தறது பெரும்பாலும் எரியற வாயுவோட அழுத்தம். பாரமே இல்லாம, மிதமான ஆக்சிலேட்டர்லயே நாள் பூரா ஓட்டினா அந்த அழுத்தம் பத்தாது. கோடெல்லாம் பளபளன்னு கண்ணாடி மாதிரி மூடிக்கும், ரிங் கடைசி வரைக்கும் உக்காராது. அப்புறம் வாழ்நாள் பூரா வண்டி ஆயில் குடிக்கும். பேக் கம்ப்ரஷன் அடிக்குதுன்னு மெக்கானிக் சொல்லுவாரே, வாயு கீழ எறங்கி பிரீதர் வழியாப் புகையாத் தள்றது, அதுவும் வரும். புது வண்டியை நிறுத்தி வெச்சு ஐடில்ல ஓட விடாதேன்னு பெரியவங்க சொன்னதும் இதுக்காகத்தான். காளைக்கன்னுக்கும் இதே கணக்குங்க. பாரமே ஏத்தாம வெச்சிருந்தா அது பழகாது.

ஜாம்ஷெட்பூர்ல இருந்து நாமக்கல் வரைக்கும்

விடுதலைக்கப்புறம் லாரி இங்கயே தயாராக ஆரம்பிச்சுது. சென்னை எண்ணூர்ல 1948ல அசோக் மோட்டார்ஸ்னு தொடங்கின கம்பெனி, 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூர்ல டெல்கோ கம்பெனி 1954ல ஜெர்மனியோட டைம்லர் பென்ஸ் கூட ஒப்பந்தம் போட்டு, டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைக் கொண்டு வந்துச்சு. 6 சிலிண்டர், 4.6 லிட்டர் டீசல் இன்ஜின். 1969ல ஒப்பந்தம் முடிஞ்சு முகப்புல நட்சத்திரம் போய் டாடாவோட எழுத்து வந்தும், நம்ம பக்கம் ரொம்ப வருஷம் அது டாடா பென்ஸ்தான்.

இங்கதான் நம்ம கதையில ஒரு முக்கியமான ஆள் வர்றார். அப்பெல்லாம் லாரி முழுசா விக்க மாட்டாங்க. சேஸிஸ் மட்டும்தான். நாலு சக்கரம், இன்ஜின், ஸ்டீயரிங், முன்னாடி ஒரு மூக்கு, அவ்வளவுதான். கதவு கெடையாது, கூரை கெடையாது, பலகையில சீட்டு. அதை ஜாம்ஷெட்பூர்ல இருந்து ஓட்டிட்டு வர்றதுக்குன்னே கான்வாய் டிரைவர்னு ஒரு தொழிலாளி வர்க்கம் இருந்துச்சு. வரிசையா சேஸிஸ்களை விட்டுக்கிட்டு, ஒடிசா, ஆந்திரா கடற்கரை வழியா, வெயில், மழை, தூசி எல்லாத்தையும் மூஞ்சியில வாங்கிட்டு வருவாங்க. நாமக்கல் வர்றதுக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இன்ஜினோட ஆயுசைத் தீர்மானிக்கற மொத 2,000 கிலோமீட்டரை ஓட்டினது வாங்கினவர் இல்லை. வாங்கினவர் முகம் கூடத் தெரியாத ஒருத்தர். அவருக்கு டிரிப்புக்குக் கூலி, சீக்கிரம் கொண்டு போய் விட்டுட்டுத் திரும்பினா அடுத்த வண்டி. பின்னாடி பாரமும் இல்லை, வெறும் சேஸிஸ். மேல சொன்ன ரெண்டு கெடுதியும், வேகமும் பாரமின்மையும், சேர்ந்தே நடக்க வாய்ப்பு இருந்துச்சு.

வண்டி வந்து சேர்ந்ததும் நேரா பாடி பட்டறை. நாமக்கல்ல லாரி பாடி கட்டறது தனித்தொழிலா வளர்ந்து, இன்னைக்கு இந்தியா பூரா அந்த ஊருக்கு அந்தப் பேர்தான். தச்சு, வெல்டிங், பெயின்ட், காபின், தொட்டின்னு வாரக்கணக்குல வண்டி அங்க நிக்கும். ரெண்டாயிரம் கிலோமீட்டர் உரசின தூளோட அந்த ஆயிலும் சம்ப்புலயே நிக்கும். பாடி முடிஞ்சு வெளிய எடுக்கறப்பவே ஆயிலை இறக்குன்னு டீக்கடையில ரெண்டாமவர் சொன்னாரே, அந்தக் கணக்கு இதுதான். யாரோ ஓட்டின ஆயிலை அங்கயே விட்டுட்டு, நம்ம ஓட்டத்தைப் புது ஆயில்ல தொடங்கறது. கொஞ்சம் சாஸ்திரம் மாதிரித் தெரிஞ்சாலும், உள்ள சரியான பொறியியல் இருக்குது.

லேலண்ட் எடுத்தவங்களுக்கு இது வேற மாதிரி. எண்ணூர்ல இருந்து நாமக்கல் 400 கிலோமீட்டருக்குள்ள. 1980ல ஓசூர் ஆலை வந்தப்புறம் இன்னும் கிட்ட, இரு நூத்துச் சொச்சம்தான். வண்டி ஏறக்குறைய பழகாமலே கைக்கு வரும். பழக்கற பொறுப்பு முழுக்க வாங்கினவருக்கு. அதனால பக்கத்துப் பக்கத்துல நிக்கற ரெண்டு லாரிக்கு ரெண்டு கணக்கு. இதை வெச்சு நடந்த டாடா லேலண்ட் சண்டையெல்லாம் எழுதினா தனிப் பதிவே போடலாம்.

டியூ காத்திருக்காது

இது வரைக்கும் இரும்பும் எண்ணெயும். இனிமே பணம்.

கொங்கு நாட்டுல லாரி வாங்கறதுன்னா கையில இருக்கற காசுல வாங்கறது இல்லீங்க. நகை, கொஞ்சம் காடு, சீட்டுப் பணம், மச்சானோட ஒரு பங்கு, மீதி ஃபைனான்ஸ். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஒத்தை லாரி வெச்சிருக்கற முதலாளியே டிரைவரா இருக்கறதும், தம்பி கிளீனரா இருக்கறதும் சாதாரணம். 1963ல சங்ககிரியில இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்துச்சு, மூட்டை சொமக்க லாரி தேவைப்பட்டுச்சு. 1975ல நேஷனல் பர்மிட் திட்டம் வந்தப்புறம் நம்ம வண்டி வடக்க எத்தனையோ மாநிலம் தாண்டிப் போக வழி கெடைச்சுது.

பழக்கற காலத்துல பாதி லோடு ஏத்துன்னு சொல்றாங்க. சரி. பாதி லோடுன்னா பாதி வாடகை. டீசல் பாதி ஆகுமா? ஆகாது. டிரைவர் படி பாதி ஆகுமா? ஆகாது. செக்போஸ்ட் செலவு, டயர் தேய்மானம், இன்சூரன்ஸ் எதுவும் பாதி ஆகாது. மாசம் பொறந்தா டியூ மட்டும் முழுசா வந்து நிக்கும். பாடி பட்டறையில நின்ன வாரங்களுக்கும் வட்டி ஓடிட்டுத்தான் இருக்கும்.

ஆக, புது லாரிக்காரர் முன்னாடி ரெண்டு கடிகாரம் ஓடுது. ஒண்ணு இன்ஜினோடது, பொறு பொறுன்னு சொல்லும். இன்னொண்ணு கடனோடது, எடு எடுன்னு சொல்லும். மொத ஆயில் எப்பங்கற கேள்விக்கு உண்மையான பதில் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருந்துச்சு. வசதியானவர் ரெண்டு டிரிப் லேசா அடிச்சு, ஆயிலை மாத்தி, அப்புறம் லோடு ஏத்தினார். டியூவுக்குப் பயந்தவர் மொத டிரிப்லயே தலைக்கு மேல ஏத்தினார். அதுவும் ஓவர்லோடு சகஜமா இருந்த காலம். 2005 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஓவர்லோடுக்குத் தடை சொல்ற வரைக்கும், அதுக்கப்புறமும் கூட, முழு லோடுங்கறது சட்டம் சொல்ற முழு லோடு இல்லை.

அவசரத்துக்கான விலை உடனே தெரியாது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, டியூ முடியற நேரத்துல, வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். கடன் முடிஞ்சு வண்டி நம்மளுதாகற அன்னைக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். இது ரொம்பக் கொடுமையான கணக்குங்க. நெதானமா இருக்கறதுக்குக் கூடக் கையில காசு வேணும்னு நான் புரிஞ்சுக்கிட்டது இந்த இடத்துலதான்.

ரெண்டாவது தடவை புதுசு

இன்ஜினைப் பிரிச்சா கோயமுத்தூர் கைவேலை வரும். பஞ்சாலையும் பம்புசெட்டும் வளர்த்த ஊர். 1930களோட தொடக்கத்துல பைக்காரா மின்சாரம் வந்தப்புறம் ஆலைகள் பெருகி, அதுக்குப் பின்னாடியே வார்ப்படமும் லேத்தும் தெருவுக்குத் தெரு வந்துச்சு. 1960ல தொடங்கின எல்ஜி எக்யுப்மெண்ட்ஸ் கம்ப்ரசரும் கராஜ் சாமானும் செஞ்சுது. பெரியநாயக்கன்பாளையத்துல 1970களோட நடுவுல பிரிக்கால் வந்து வண்டிகளுக்கு மீட்டர் செஞ்சு தர ஆரம்பிச்சுது.

இந்த ஊர்ப் பட்டறைகள்ல போரைக் கடைஞ்சு, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டு, புது ரிங் மாட்டி அனுப்புவாங்க. அந்த இன்ஜின் மறுபடியும் புதுசு. மறுபடியும் பழக்கோணும், மறுபடியும் மொத ஆயில். நெனைச்சுப் பார்த்தா, லைசென்ஸ் ராஜ்யத்துல புது லாரிக்குப் பதிஞ்சு வெச்சுக் காத்திருக்க வேண்டிய காலத்துல, நம்மாளுங்க பல பேருக்கு மொத லாரியே பழைய லாரிதான். அவங்க "பழக்கறதை"க் கத்துக்கிட்டது ஷோரூம் வண்டியில இல்லை, ரீபோர் பண்ணின வண்டியில. 

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்களுக்கு இன்னொரு மாதிரி. ஆழ்குழாய்க் கிணறு போடற வண்டி நின்ன எடத்துல ராத்திரி பகலா ஓடும். கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் தேயும். அதனால அவங்க கணக்கு மணிக்கணக்கு. மொத ஆயில் எத்தனை கிலோமீட்டர்னு அவங்ககிட்ட கேட்டா சிரிப்பாங்க.

கந்தகம் போன கதை

அப்ப எண் ஏன் ஆயிரத்துல இருந்து நகர்ந்துச்சு? மூணு காரணம்.

மொதல்ல டீசல். டீசல்ல கந்தகம் இருக்கும். அது எரிஞ்சு, ஈரத்தோட சேர்ந்து அமிலமாகி, ஆயிலுக்குள்ள எறங்கும். பேரிங்கையும் போரையும் அரிக்கும். 1996 வரைக்கும் நம்ம டீசல்ல கந்தகம் 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு விட்டிருந்தாங்க. நூறு லிட்டர் டீசல் சுமார் 83 கிலோ எடை. அதுல 830 கிராம் கந்தகம்! ஒரு டேங்க் டீசலுக்கு ஒரு கிலோ கந்தகத்தைக் கொளுத்தினோம்னு வெச்சுக்கங்க. 1996ல சில நகரங்கள்ல அது 0.5 சதவீதமாச்சு, 2000ல நாடு முழுக்க 0.25. 2005ல பி.எஸ்.2 நாடு முழுக்க வந்தப்ப பத்து லட்சத்துல 500 பங்கு, 2010ல பி.எஸ்.3 கூட 350, 2017ல பி.எஸ்.4 கூட 50, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6, வெறும் 10. இன்னைக்கு நூறு லிட்டர் டீசல்ல இருக்கறது ஒரு கிராமுக்கும் கம்மி. ஆயிலைச் சாகடிச்சுட்டு இருந்த பெரிய எதிரி ஆயிரத்துல ஒரு பங்கா சுருங்கிட்டான்.

ரெண்டாவது ஆயில். ஆரம்ப கால ஆயில் வெறும் தாது எண்ணெய். அழுக்கைத் தாங்கிப் பிடிக்காது, அடியில படிய விட்டுடும். 1930கள்ல அமெரிக்காவுல கேட்டர்பில்லர் டீசல் இன்ஜின்கள்ல ரிங் ஒட்டிக்கற பிரச்சினை வந்தப்பதான், அழுக்கைக் கரைச்சு மிதக்க விடற மருந்தைக் கலக்க ஆரம்பிச்சாங்க. இங்க 1972ல இந்தியன் ஆயில் சர்வோன்னு பேர் வெச்சுது. வெயிலுக்கு ஒண்ணு குளிருக்கு ஒண்ணுன்னு இருந்தது போய், 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40ன்னு மல்டிகிரேடு வந்துச்சு. தரமும் ஏறிட்டே போச்சு. ஏ.பி.ஐ. கணக்குல 1990ல சி.எஃப்-4, 2002ல சி.ஐ-4, 2016ல சி.கே-4. புது ஆயில் சீக்கிரம் கருப்பாகுதேன்னு பழைய ஆளுங்க வெசனப்பட்டாங்க. அது கரியைப் பிடிச்சு வெச்சிருக்குது, வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மூணாவது இன்ஜினே. 1980கள்ல லேலண்டுக்கு ஜப்பான் ஹினோ இன்ஜின் வந்துச்சு. 1993ல டாடாவும் கம்மின்ஸும் கூட்டுச் சேர்ந்தாங்க. கடைசல் துல்லியமாச்சு. கோடு போட்டதுக்கப்புறம் அந்தக் கூர் மேட்டையும் தொழிற்சாலையிலயே மழுக்கிடற ஹோனிங் முறை வந்துச்சு. முன்னாடி டிரைவரோட காலு ஆயிரம் கிலோமீட்டர்ல செஞ்ச வேலையில பெரும்பகுதியை இப்ப மெஷின் சில நிமிஷத்துல செஞ்சுடுது. ஃபில்டரும் மொத்த ஆயிலையும் வடிகட்டுது.

இதெல்லாம் சேர்ந்துதான் ஆயிரம் ரெண்டாயிரமாகி, அஞ்சாயிரமாகி, கடைசியில மொத ஆயில்னே தனியா இல்லாமப் போச்சு. இப்ப சில கனரக மாடல்களுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் அதே ஆயில் ஓடலாம்னு கம்பெனியே சொல்லுது. ஆயிரத்துல ஆயிலை இறக்கின பெரியவர்கிட்ட இதைச் சொன்னா, "ஆரு காதுல பூ சுத்தற"ம்பார்.

என்ன மிச்சம்?

கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். மொத டிரிப்லயே முழு லோடு ஏத்தலாம்னா, சின்ன முதலாளிக்கு அந்த ரெண்டு கடிகாரச் சண்டை ஒழிஞ்சுது. பொறுமையா இருக்க வசதி இல்லாதவரோட இன்ஜினும், இருக்கறவரோட இன்ஜினும் இப்ப ஏறக்குறைய சமம். பெரிய விஷயம்ங்க அது. காபினும் அப்படித்தான். 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகற சரக்கு லாரி காபினுக்கு ஏ.சி. கட்டாயம். கூரை இல்லாத சேஸிஸ்ல 2,000 கிலோமீட்டர் வந்த கான்வாய் டிரைவரை நெனைச்சா, தாமதமா வந்தாலும் நியாயமான விஷயம்.

ஆனா புது வண்டி எடுக்கறவங்க மூணு விஷயத்தை மட்டும் பழைய காலத்துல இருந்து வெச்சுக்கங்க.

இன்ஜின் பழகி வந்தாலும் மத்தது பழகி வர்றதில்லை. மொத லோடு ஏறினதும் பட்டை செட் அமுங்கி உக்காரும், யூ போல்ட் தளர்ந்துடும். வீல் நட்டும் அப்படித்தான். மொத டிரிப் போயிட்டு வந்ததும் ரெண்டையும் முறுக்கிப் பார்க்கறது இன்னைக்கும் அவசியம். கிரவுன்லயும் கியர் பாக்ஸ்லயும் பல்லோட பல் உரசித்தான் பழகுது. அந்த ஆயிலுக்குக் கையேடு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க.

ரெண்டாவது, மனசு கேக்காம ஆயிலை முன்னாடியே மாத்தறதுல இன்ஜினுக்குக் கெடுதி இல்லை, காசுதான் வீண். ஆனா பி.எஸ்.6 வண்டியில, "எங்கப்பா இதைத்தான் ஊத்துவார்"னு பழைய கிரேடு ஆயிலை ஊத்தினா கெடுதி. அதுல இருக்கற சாம்பல், சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கற டி.பி.எஃப்.ங்கற வடிகட்டியை அடைச்சுடும். அதை மாத்தற செலவுல எத்தனை தடவை ஆயில் மாத்தலாம்னு கணக்குப் போட்டுக்கங்க.

மூணாவது, இறக்கின ஆயில். அந்தக் காலத்துல அது சென்ட்ரிங் பலகைக்குப் போச்சு, கரையான் புடிக்காம இருக்க மரத்துக்குப் போச்சு, மிச்சம் பட்டறை ஓரத்து மண்ணுக்குப் போச்சு. இப்ப கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2024 ஏப்ரல்ல இருந்து அதைத் திரும்ப வாங்கிச் சுத்திகரிக்கற பொறுப்புல ஆயில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. தண்ணிக்கு ஆயிரம் அடி போர் போடற ஊர் நம்முளுது. மண்ணுல ஊத்தறதை மட்டும் நிறுத்திடலாம்.

போன வாரம் ஒரு பழைய டிரைவர்கிட்ட இதையெல்லாம் பேசிட்டு, "இப்ப பழக்கறதே இல்லீங்களா?"ன்னு கேட்டேன். "வண்டி பழகித்தான் தம்பி வருது, ஓட்டறவனைத்தான் பழக்க ஆளில்லை"ன்னார். நிறுத்தறதுக்கு முன்னாடி டர்போ ஆறட்டும்னு ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடறது, காலையில டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கறது, ஆயிலை விரல்ல தொட்டு நறநறன்னு இருக்குதான்னு தேய்ச்சுப் பார்க்கறது, இதெல்லாம் மொத ஆயில் மாத்தறப்பதான் அவங்கெல்லாம் கத்துக்கிட்டாங்களாம். பெரியவர் பக்கத்துல நின்னு, வடியற ஆயிலைக் கையில வாங்கிக் காட்டுவாராம்.

உங்க பக்கம் மொத ஆயிலுக்கு என்ன எண் சொன்னாங்க? மதுரை, தூத்துக்குடிப் பக்கத்து லாரிக் குடும்பத்துக்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எந்த வருஷம், என்ன வண்டின்னும் சேர்த்துச் சொல்லுங்க. எண்ணை மட்டும் சொன்னா சண்டைதான் வரும் :-)